டெல்சி மிஸ் பன்றியை மொழிபெயர்த்த நாள்

எங்கள் நாடு வெப்ப நாடாம். சுற்றிவரக் கடலாம். இதை என்னிடம் சொன்னவள் என் நாத்தனார் டெல்சி. அவள் சொன்ன நேரத்தில் நான் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுப்படியில் குந்தியிருந்து ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தேன். வெளியே, எங்களைப் போலத் தோட்டத் தொழிலாளர் இருக்கும் பக்கத்து லயத்தின் தகரக் கூரைகூடத் தெரியாத பனி. மலையில் இருக்கும் டிக்கோயாப் பக்கத்து ஆடி மாதத்தைக் கண்டவர்களுக்கு அதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

“எது வெப்ப நாடு?” என்று கேட்டேன்.

“நம்ம நாடுதான் அண்ணி. இலங்கை.”

“அப்ப நாம எங்க இருக்கோம்?”

டெல்சி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கென்ன சிரிப்பா வந்தது? உண்மையாகவே விளங்கவில்லை. கல்யாணம் முடித்து இந்த லயத்துக்கு வந்த நாளிலிருந்து இவள் சொல்வதில் பாதி எனக்கு விளங்கியதில்லை. ஆனாலும் இவளைப் பற்றி வேறு யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டெல்சி பிறந்தது இதே லயத்தில், நாங்கள் இப்போது இருக்கும் இதே காம்பரா அறையில். அவளுடைய அம்மா மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்துப் பறித்து நெஞ்சில் சளி கட்டி, இவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். தேயிலைச் செடி காலைக் கிழிக்காமலிருக்கக் கொழுந்துக்காரப் பெண்கள் இடுப்பைச் சுற்றி ஒரு தடித்த சீலை கட்டுவோம், படங்கு என்போம். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கு, “என் தங்கச்சி இடுப்புல படங்கு ஏறக்கூடாது” என்று என் வீட்டுக்காரர் ஜூட்சன் சொன்னாராம். அப்போது அவருக்கே மீசை முளைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு தேயிலை ஆலையில் இரவு வேலைக்குச் சேர்ந்து, தங்கையை உயர்தரம் வரைக்கும் படிக்க வைத்தார். எங்கள் கல்யாணம் பேசும்போதுகூட என் அப்பாவிடம் அவர் போட்ட ஒரே நிபந்தனை அதுதான்: தங்கச்சி படிப்பாள், அதை யாரும் கேட்கக்கூடாது.

படித்தாள். பாஸ் பண்ணினாள். ஆனால் கெம்பஸுக்குப் போய்ப் பட்டம் படிக்க இடம் கிடைக்கவில்லை. ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் நின்றாள். அப்புறம்தான் இந்த வேலை வந்தது.

கொழும்பில் இருக்கும் ஒரு வனவிலங்கு அமைப்பு அது. தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போய், நம் தீவில் என்னென்ன விலங்குகள் இருக்கின்றன, யார் யார் எப்படிக் கொண்டாடுகிறார்கள், கும்பிடுகிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சுருட்டிய படங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திம்புள்ளப் பக்கமும் டிக்கோயாப் பக்கமுமாக பஸ்ஸிலும் நடையிலும் அலைந்தாள். ஒப்பந்த வேலை. மேலிடத்துக்குப் பிடித்தால் நிரந்தரமாக்குவார்கள். பிடிக்கவில்லையென்றால் வீட்டுக்கு. வீட்டுக்கு என்றால் என்ன அர்த்தம்? தோட்டத்தில் பேர் பதிந்துகொண்டு என்னோடு கொழுந்து பறிக்க மலைக்கு வருவது. என் வீட்டுக்காரர் இத்தனை வருஷம் தூக்கத்தை விட்டதெல்லாம் அந்த ஒன்று நடக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

லயத்தில் சும்மா விடுவார்களா? “நரிக்கும் கொரங்குக்கும் படம் காட்டச் சம்பளமா?” என்று கேலி பேசினார்கள். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பிள்ளைகள் அவள் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். ஒவ்வொரு விலங்குக்கும் தமிழில், சிங்களத்தில், இங்கிலீஷில் மூன்று பெயர் சொல்லிக்கொடுத்து, கை தட்டிப் பாட வைப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியெல்லாம் அதுகள் அதையே கத்திக்கொண்டு வரும். எனக்கும் காதில் விழுந்து விழுந்து யானைக்கு மூன்று பெயரும் பாடமாகிவிட்டது. யானையை நேரில் பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

கடல் என்று சொன்னால் பிள்ளைகளுக்குத் தலை கால் புரியாதாம். “காசல்ரி கொளம் மாதிரியா மிஸ்? அந்தப் பக்கம் எந்தத் தோட்டம்?” என்று கேட்குமாம். பயிற்சிக்குக் கொழும்புக்குப் போயிருந்தபோது டெல்சி முதன்முதலாகக் கடலைப் பார்த்தாள். கூட வந்தவர்களெல்லாம் படம் எடுத்துக்கொண்டிருக்க, இவள் குனிந்து ஒரு கை அள்ளி வாயில் ஊற்றிக்கொண்டாளாம்.

“உப்புன்னு பொஸ்தகத்துல இருக்கு அண்ணி. நாக்குல வச்சிப் பாக்காம நான் எப்படிப் புள்ளைகளுக்குச் சொல்றது?”

இப்படி ஒரு பிறவி. என்ன செய்வது?

எனக்கும் அவளுக்கும் சண்டை வந்தது சிறுத்தையால்தான். போன வருஷம் எங்கள் நாயைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. வாசலில் கட்டிப்போட்ட நாய், விடிந்து பார்த்தால் சங்கிலிதான் கிடந்தது. அடுத்த வாரம் இவள் சிறுத்தைப் படத்தைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்து, இது நாட்டுக்கே சொத்து என்கிறாள். “ஏன், நம்ம நாய் நாட்டுக்குச் சொத்தில்லையா?” என்று கேட்டேன். “அதுவுந்தான் அண்ணி” என்று ஒரு மாதிரிக் குழம்பிப்போய்ச் சொன்னாள். அவளும் அந்த நாய்க்காக அழுதவள்தானே.

இனிப் பன்றிக் கதைக்கு வருகிறேன். காட்டுப்பன்றி எங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கிற தோட்டத் துண்டுகளையெல்லாம் கிண்டிப் போட்டுவிடும். உருளைக்கிழங்கு, லீக்ஸ், எதுவும் மிஞ்சாது. அதனால் என் வீட்டுக்காரர் காட்டோரத்தில் கம்பி வைப்பார். மோட்டார் சைக்கிளின் பழைய கிளச் கம்பியைச் சுருக்குப் போட்டுப் பன்றி வரும் தடத்தில் கட்டுவது. பன்றி விழுந்தால் எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு போகும். பிடித்தவன் வீட்டில் சட்டி ஏறுவதற்கு முன்னால் மற்ற வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத வீடானாலும் சரி. யாரும் உட்கார்ந்து எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். பங்கு வாங்கியவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பதும் அதில் சேர்ந்தது.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து டெல்சி அந்தக் கறியைத் தொடுவதில்லை. அண்ணனிடம் கெஞ்சினாள், சண்டை பிடித்தாள்.

“என் கம்பி பன்னிக்கு மட்டுந்தான்” என்பார் இவர்.

“கம்பிக்குக் கண்ணா இருக்கு? சிறுத்த வந்தா விட்டுருமா?”

“இந்தக் கம்பிலதான் நீ படிச்ச. மறந்துறாத.”

அது உண்மை. ஆலைச் சம்பளம் பத்தாத மாதங்களில் பன்றியில் ஒரு தொடை ஹட்டனுக்குப் போகும், டெல்சியின் டியூஷனுக்குக் காசு வரும். இரண்டு பேருக்கும் நடுவில் நான் சோற்றைப் போட்டுக்கொண்டு, யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் முழிப்பேன்.

இதற்கிடையில் பக்கத்துத் தோட்டமொன்றில் கம்பியில் மாட்டி ஒரு சிறுத்தை செத்துப்போனது. டிவியில் காட்டினார்கள். வனவிலங்கு அதிகாரிகள் ஜீப்பில் வந்து கம்பி வைத்த இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். “நம்ம கம்பிகள எடுத்துருங்கங்க” என்று இவரிடம் சொன்னேன். “எடுக்குறேன், எடுக்குறேன்” என்றார். எடுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கடைசியாக ஒரு பன்றி விழுந்தது. பங்கு போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன், சுலக்ஷனா வீட்டைத் தவிர. ஏன் கொடுக்க வேண்டும்? முந்தின நாள் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனபோது என் வாளியைக் காலால் தள்ளிவிட்டு, “ஸ்டைல் மிஸ்ஸோட அண்ணின்னா வரிசையில நிக்க மாட்டீங்களோ?” என்று எல்லார் முன்னாலும் கேட்டவள் அவள். அவளுக்குப் பங்கு ஒரு கேடா? அவள் பங்கையும் எங்கள் சட்டியிலேயே போட்டேன். இவரிடம் எல்லாருக்கும் கொடுத்தாச்சு என்று சொல்லிவிட்டேன்.

இப்படி இருக்கும்போது கொழும்பிலிருந்து டெல்சியின் மேலதிகாரி மேடம் வருவதாகச் செய்தி வந்தது. டெல்சியின் வகுப்பை நேரில் பார்ப்பாராம். பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமா இல்லையா என்று முடிவு. வேறு பள்ளிக்கூடத்தில் வைக்கலாம் என்று டெல்சி சொல்லிப் பார்த்தாள். எங்கள் பள்ளி அதிபர் றோலண்ட் சேர் விடவில்லை. “நம்ம புள்ள, நம்ம பள்ளிக்கூடத்துலதான் வைக்கணும்” என்று பிடிவாதமாக நின்றார். அந்த வாரம் பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு சமைக்கும் முறை எனக்கு வந்திருந்தது. அதனால் நானும் அங்கே இருந்தேன். இல்லாவிட்டால் நல்லாயிருந்திருக்கும்.

மேடம் சிங்களத்துப் பெண்மணி. நல்ல மனுஷி மாதிரித்தான் இருந்தார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பிள்ளைகளின் வாங்குப் பலகையிலேயே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் பருப்பை இறக்கி வைத்துவிட்டு, கரண்டியும் கையுமாக வகுப்பு வாசலில் வந்து நின்றேன். டெல்சி பேசப் பேச எனக்கே பெருமையாக இருந்தது. யானை வந்தது, திமிங்கிலம் வந்தது, ஆமை கரைக்கு வந்து முட்டை போட்டது. கண்டிப் பெரஹரா, வெசாக் கூடு, நல்லூர்த் தேர், நோன்புப் பெருநாள் என்று படம் படமாக விரிந்தது. பிள்ளைகள் மூன்று மொழியிலும் கத்தின கத்தலில் கூரை பறக்காதது அதிசயம். மேடத்தின் முகமெல்லாம் சிரிப்பு. வேலை கிடைத்த மாதிரித்தான் என்று நினைத்தேன்.

கடைசியாக டெல்சி ஒரு கேள்வி கேட்டாள். அவள் மட்டும் அதைக் கேட்காமல் இருந்திருக்கக்கூடாதா?

“இதெல்லாம் நாட்டோட கலாசாரம். நம்ம லயத்துல என்ன கலாசாரம் இருக்கு? யாரு சொல்றீங்க?”

“தீபாவளி மிஸ்!” “காமன் கூத்து மிஸ்!” “மாதா திருவிழா மிஸ்!”

பின் வாங்கிலிருந்து ஒரு கை உயர்ந்தது. ஜெனுஷா. சுலக்ஷனாவின் மகள்.

“மிஸ், காட்டுப்பன்னி விழுந்தா எல்லா வீட்டுக்கும் பங்கு குடுக்குறது.”

வகுப்பே சிரித்தது. சிலதுகள் கை தட்டின. ஜெனுஷா உட்காரவில்லை.

“ஆனா போன தடவ ஒங்க வீட்டுலருந்து எங்க வீட்டுக்கு மட்டும் பங்கு வரல மிஸ். அம்மா அழுதாங்க.”

பிள்ளை கோள் சொல்லவில்லை. அதன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அதற்கு அது உண்மையான சந்தேகம். வழக்கம் என்றால் எல்லாருக்கும்தானே, நமக்கு ஏன் இல்லை என்று கேட்கிறது.

மேடம் சிரித்துக்கொண்டே டெல்சியிடம் ஏதோ இங்கிலீஷில் கேட்டார். பிள்ளை என்ன சொல்கிறது, எல்லாரும் ஏன் சிரிக்கிறார்கள் என்றுதான் கேட்டிருப்பார். வேறென்ன கேட்பார்? சிங்களத்தில் பேசியிருந்தாலாவது சந்தையில் கற்றுக்கொண்ட சிங்களத்தை வைத்து நான் பாதியைப் பிடித்திருப்பேன். அவர்கள் இரண்டு பேரும் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வார்கள்.

டெல்சி என்னைப் பார்த்தாள். நான் கரண்டியை ஆட்டி, கண்ணைக் காட்டி, தலையை அசைத்து, என்னென்னவோ செய்தேன். ஏதாவது சொல்லிச் சமாளிடி என்று அர்த்தம். அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். அத்தனை பிள்ளைகளும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு மேடம் பக்கம் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு, மெதுவாகப் பேசத் தொடங்கினாள். நீளமாகப் பேசினாள். மேடத்தின் சிரிப்பு நின்றது. தலையைக் குனிந்துகொண்டார். ஏதோ கேட்டார், இவள் பதில் சொன்னாள். மறுபடி கேட்டார், மறுபடி சொன்னாள். பிறகு மேடம் ஜெனுஷாவைக் கூப்பிட்டு அதன் தலையைத் தடவிக்கொடுத்தார்.

இதற்கு என்ன அர்த்தம்? காட்டிக்கொடுத்துவிட்டாளா? சமாளித்துவிட்டாளா? காட்டிக்கொடுத்திருந்தால் மேடம் ஏன் பிள்ளையைத் தடவுகிறார்? சமாளித்திருந்தால் ஏன் சிரிக்கவில்லை? அதோடு விட்டாரா, நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு என்னிடம் வந்து “ஹரி ரசய்” என்று வேறு சொன்னார். புருஷனைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறவர் பருப்பு ருசியாக இருக்கிறது என்று சொல்வாரா? அப்படியும் சொல்லலாம். படித்தவர்களை நம்ப முடியாது.

டெல்சி மேடத்தோடேயே நின்றாள், நெருங்க முடியவில்லை. றோலண்ட் சேரைப் பிடித்துக்கொண்டேன்.

“சேர், அவ என்ன சொன்னா? ஒங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்தானே, சொல்லுங்க சேர்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அத டெல்சி வாயாலேயே கேளுங்கம்மா. நான் சொல்றது சரியில்ல.”

இந்த மனுஷனை என்ன செய்தால் தகும்? சட்டியைக்கூடக் கழுவாமல் வீட்டுக்கு ஓடினேன். இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவரை உலுக்கி எழுப்பினேன். விஷயத்தைச் சொன்னேன், பங்கு கொடுக்காத விஷயத்தைத் தவிர. இரண்டு பேரும் மழையில் காட்டோரம் ஏறினோம். சேறு, முள், கால் முழுக்க அட்டை. அவர் ஒவ்வொரு தடமாகப் போய்க் கம்பியைக் கழற்றினார். ஒரு கம்பியைக் கழற்றும்போது நான் கேட்டேன், “அவ ஒங்களக் காட்டிக் குடுப்பாளாங்க?”

“தெரியல” என்றார். அதற்குப் பிறகு, “குடுத்தாலும் தப்பில்ல” என்றார். எனக்கு இவரும் விளங்கவில்லை.

கம்பிகளை விறகுக் கட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தோம். றோட்டில் எந்த வாகனம் முனகினாலும் எனக்கு ஜீப்பாகத்தான் கேட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் டெல்சி வந்தாள். நனைந்துபோய், படங்களை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். சப்பாத்தைக் கழற்றக்கூட நான் விடவில்லை.

“என்னடி சொன்ன? மறைக்காம சொல்லு.”

“புள்ள சொன்னத அப்படியே சொன்னேன்.”

“அப்படியேன்னா?”

“கம்பி வைக்கிறது எங்க வீடுன்னு சொன்னேன். அந்தப் புள்ள வீட்டுக்குப் பங்கு குடுக்காம விட்டதும் நாங்கதான்னு சொன்னேன். நான் படிச்சதும் அந்தக் காசுலதான்னு சொன்னேன்.”

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “எல்லா வீட்டுக்கும் குடுத்தேன்னு சொன்ன?”

“தண்ணி புடிக்க விடாதவளுக்குப் பங்கா?” என்றேன். அவர் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுதான் சுட்டது.

“யாரு கம்பி வச்சதுன்னு மேடம் பேரு கேட்டாங்க” என்றாள் டெல்சி. “வீட்டுல நான்தான் படிச்சவ, நான்தான் நிப்பாட்டியிருக்கணும், பேரு வேணும்னா என் பேர எழுதிக்குங்கன்னு சொன்னேன்.”

“கிறுக்கச்சி!” எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. “ஒனக்கென்ன பைத்தியமா? தீபாவளியப் பத்திச் சொல்லிச்சுன்னு சொன்னா அந்தம்மாவுக்குத் தெரியவா போகுது? ஒரு பொய்! ஒரே ஒரு பொய் சொல்ல வாய் வரலயா ஒனக்கு?”

“அண்ணி, காட்டுப்பன்னிக்கு இங்கிலீஷ்ல என்னன்னு அதுகளுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? நான்தானே. போன வாரந்தான் பாட்டா படிச்சோம். அவ்வளவு புள்ளைகளும் அந்தச் சொல்லு எப்ப வருதுன்னு என் வாயப் பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க. வரலன்னா ஜெனுஷாவுக்குத் தெரிஞ்சிரும், மிஸ் பொய் சொல்றாங்கன்னு. பொறகு நான் யானையப் பத்திச் சொன்னா என்ன, கடலப் பத்திச் சொன்னா என்ன? எத நம்பும்?”

“சின்னப் புள்ளைங்க. நாளைக்கு மறந்துரும்.”

“மறக்காது அண்ணி.”

என் வீட்டுக்காரர் எழுந்துபோய் விறகுக்கு அடியில் கிடந்த கம்பிகளை இழுத்துக்கொண்டு வந்து நடு வீட்டில் போட்டார். “நாளைக்கு என்னைய அந்த மேடம்கிட்டக் கூட்டிட்டுப் போ” என்றார். “என் பேர நானே சொல்றேன்.”

போனார்கள். மேடம் அன்றைக்கு நுவரெலியாவில் தங்கியிருந்தார். இவர் கம்பிகளை ஒப்படைத்து, உள்ளதைச் சொல்லி, இனி வைப்பதில்லை என்று கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார். மேடம் மேலே பேசினாராம். எச்சரித்து விட்டுவிட்டார்கள். ஜீப் வரவில்லை. நான் மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன். அதோடு தொல்லை தீர்ந்தது, டெல்சியின் வேலையும் தப்பிவிடும் என்றுதான் நம்பினேன். உண்மையைச் சொன்னவளை யாராவது தள்ளுவார்களா?

சில நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்து நாங்கள் மூன்று பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது மேடத்தின் போன் கோல் வந்தது. டெல்சி எழுந்து நின்றுகொண்டுதான் பேசினாள். எஸ் மேடம், எஸ் மேடம் என்றாள். அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. போனைக் கீழே இறக்கி, கையால் பொத்திக்கொண்டு எங்களிடம் சொன்னாள்.

“என்னைய எடுக்க முடியாதாம். கம்பி வச்ச வீட்டு ஆள வச்சிப் புள்ளைகளுக்குப் படிப்பிக்க முடியாதாம், அது சட்டமாம். மேடம் சண்ட போட்டுப் பாத்தாங்களாம்.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“அண்ணே, ஒங்களுக்குத்தான் வேல இருக்காம். திம்புள்ளலருந்து டிக்கோயா வரைக்கும் காட்டுல இருக்குற கம்பியெல்லாம் எடுக்க ஒரு குழு போடுறாங்களாம். பன்னித் தடம் தெரிஞ்ச ஆள் வேணுமாம். நிரந்தர வேல. வர்றீங்களான்னு கேக்குறாங்க.”

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த இரண்டாவது விஷயத்தை அவள் சொல்லாமலே விட்டிருக்கலாம். விடவில்லை. கம்பி வைத்தவனுக்கு வேலை, உண்மை சொன்னவளுக்கு வேலை இல்லை. இது எந்த ஊர் நியாயம்? மேடத்தைத் திட்டுவதா, வேலை வந்ததற்குக் கும்பிடுவதா, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

என் வீட்டுக்காரர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“முடியாதுன்னு சொல்லு. என் தங்கச்சிய வெளிய தள்ளிட்டுக் குடுக்குற வேல எனக்கு வேணாம். இந்த ஆலையிலேயே கெடந்து சாகுறேன்னு சொல்லு. அப்படியே சொல்லு.”

டெல்சி தலையாட்டினாள். போனைக் காதில் வைத்து இங்கிலீஷில் சொன்னாள். நீளமாகத்தான் சொன்னாள், அவர் சொன்ன அளவுக்கு. கடைசியில் தேங்க் யூ என்று சொன்னது மட்டும் எனக்கு விளங்கியது.

மறுநாள் விடிய, நான் படங்கு கட்டிக்கொண்டிருந்தபோது லயத்துக்கு மேல் றோட்டில் ஹோர்ன் அடித்தது. எட்டிப் பார்த்தால் ஜீப். பிடிக்கத்தான் வந்துவிட்டார்கள் என்று இவரைப் பின் கதவால் ஓடச் சொன்னேன். சாரதி இறங்கி வந்து, கையில் இருந்த புது உடுப்பையும் மழைச் சப்பாத்தையும் நீட்டி, சிங்களத்தில் சொன்னான். அது எனக்கு நன்றாகவே விளங்கியது. அண்ணன் சந்தோஷமாக வேலைக்கு வருகிறார் என்று மிஸ் சொன்னாராம். முதல் நாள் என்பதால் வீட்டிலேயே வந்து ஏற்றிக்கொண்டு போக மேடம் அனுப்பினாராம்.

என் வீட்டுக்காரர் திரும்பித் தங்கையைப் பார்த்தார். அவள் அடுப்படியில் அவருக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“போயிட்டு வாங்கண்ணே” என்றாள். “நேரமாகுது, அந்த ஆளு காத்துக்கிட்டு இருக்காரு.”

அவர் அழுதார். நான் கல்யாணம் முடித்து வந்த நாளிலிருந்து அந்த மனுஷன் அழுது பார்த்ததில்லை. உடுப்பை மாற்றிக்கொண்டு, சோற்றுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, அழுதுகொண்டேதான் ஜீப்பில் ஏறினார். ஜீப் போன பிறகுதான் எனக்கு இன்னொன்று கண்ணில் பட்டது. கதவோரத்தில் டெல்சிக்கென்று ஒரு புதுப் படங்கு மடித்து வைத்திருந்தது. வெள்ளிக்கிழமையே தோட்ட ஆபீசில் பேர் பதிந்துவிட்டாளாம். வேலை போகும் என்று முதலிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களிடம் சொல்லவில்லை.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“ஏன்டி, அன்னைக்கு அந்த மேடம்கிட்ட ஒரு சொல்லக்கூட மாத்த முடியலன்ன. ஒனக்குன்னு வந்தப்ப வாய் வரல. இப்ப அண்ணன் சொன்னத முழுசா மாத்திச் சொல்லியிருக்கியே, இது மட்டும் பொய்யில்லையா?”

டெல்சி படங்கை இடுப்பில் சுற்றிப் பார்த்தாள். கட்டத் தெரியவில்லை, முடிச்சு நிற்காமல் நழுவியது.

“அங்க புள்ளைங்க கேட்டுக்கிட்டு இருந்துச்சுங்க அண்ணி” என்றாள். “இங்க யாருக்கு இங்கிலீஷ் தெரியும்?”

சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள், பாவி. நான் குனிந்து அந்த முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டேன். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நேரமாகியிருந்தது. இரண்டு பேரும் மலைக்கு ஏறினோம்.